சீனி போடாத பால்

வார்ட்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு சின்னப் பிளாஸ்டிக் கோப்பையைக் கையில் தந்தார்கள். இருமல் மருந்து அளக்கிற கோப்பை. முப்பது மில்லி வரை கோடு போட்டிருந்தது. கால் மணித்தியாலத்துக்கு ஒரு கோப்பை, அதையும் மிடறு மிடறாக. ஆடை எடுத்த பால், சீனி கூடாது. பதினான்கு நாள், இரண்டு கிழமைக்கு அதுதான் சாப்பாடு. என் இரைப்பையை வெட்டி ஒரு கோழிமுட்டை அளவாக்கி, குடலை நேரே அதோடு இணைத்துத் தைத்திருந்தார்கள். தையல் விட்டால் என்ன நடக்கும் என்பதையும் தாதி சொல்லித்தான் அனுப்பினார். காய்ச்சல் வரும், தோள் நோகும், எல்லாவற்றுக்கும் முதல் நெஞ்சு படபடவென்று அடிக்கும். அடித்தால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் வந்துவிட வேண்டும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன், வவுனியா லொறியில் கிளீனராக ஓடினேன், கட்டாரில் ஒரு சமையலறையில் நின்றேன், திரும்பி வந்து கொட்டாஞ்சேனையில் ஐந்து பேர் படுக்கும் அறையொன்றில் கிடந்தேன். போன இடமெல்லாம் கொத்துரொட்டியும் சோடாவும். நூற்று நாற்பத்தாறு கிலோ வந்தபோது வேலை தருகிறவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வேறு ஆளைக் கூப்பிட்டார்கள். நீரிழிவில் கால் விரல் ஒன்று போனது. மிச்சக் காலைக் காப்பாற்ற இதுதான் வழி என்று கிளினிக்கில் சொன்னார்கள். என் வாழ்க்கையில் இரண்டு வருடம் விடாமல் போன ஒரே இடம் அந்தக் கிளினிக்தான். ஒவ்வொரு முறையும் கேட்பார்கள், சொன்னபடி நடப்பீர்களா என்று. ஒவ்வொரு முறையும் ஓம் என்றேன்.

ஒப்பரேஷனுக்குப் பிறகு அக்கா என்னை வெள்ளவத்தையில் தன் பிளாட்டுக்குக் கூட்டிவந்தார். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். பிள்ளைகள் கனடாவில். பால்மாவைக் கரைத்து, வடித்து, ஆறவைத்துத் தருவார். அந்தப் பால் சுவர் கழுவிய தண்ணீர்போல இருந்தது. ஒரு மிடறு விழுங்கினால் நெஞ்செலும்புக்குக் கீழே போய் நின்றுகொள்ளும். அது இறங்கும்வரை அடுத்த மிடற்றுக்குப் பயம்.

“இதை மாடே குடிக்காது அக்கா.”

“மாட்டுக்கு ஆர் ஒப்பரேஷன் செய்தது? பேசாமல் குடி.”

ஆனால் குசினிக்குள் போய்க் கனடாவுக்குப் போன் எடுத்து அழுதார். “பெடியன்ட முகம் காய்ஞ்ச மாங்கொட்டை மாதிரிப் போச்சுது பிள்ளை.” பெடியனுக்கு வயது நாற்பத்தெட்டு.

ஒன்பதாம் நாள் காலை வந்த பால் இனித்தது. முதல் மிடற்றிலேயே தெரிந்துவிட்டது. வேறு பால்மாவாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்கவில்லை. கேட்டால் எடுத்துக்கொண்டு போய்விடுவார். கோப்பையை நீட்டினேன், இன்னும் ஊற்றினார். அதையும் குடித்துவிட்டு மறுபடி நீட்டினேன். கடிகாரத்தை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

“இண்டைக்குத்தான் ஒழுங்காய்க் குடிக்கிறாய்” என்றார் அக்கா.

கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை வேர்த்தது. பிறகு முதுகு. வயிற்றுக்குள் யாரோ துணி பிழிவதுபோல இருந்தது. அதற்குப் பிறகு நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. பெனியனுக்கு மேலாலேயே அது துள்ளுவது தெரிந்தது. தையல் விட்டுவிட்டது என்று நினைத்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.

மூன்று மாடி இறங்கி, பெரிய வீதிக்கு வந்து ஓட்டோ பிடித்தோம். சாரதி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “அண்ணனுக்கு என்ன?”

“பால் குடிச்சவர், அதுக்குப் பிறகு இப்பிடி” என்றார் அக்கா.

“பாலா? நான் வேற சாமானாக்கும்னு நெனச்சேன்.” ஒருவரும் சிரிக்காததைக் கண்டு அவர் வேகத்தைக் கூட்டினார்.

கொள்ளுப்பிட்டிச் சந்தியில் சிவப்பு விளக்கு. சீனி போட்டீர்களா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டால், எனக்குத் தெரிந்தே குடித்தேன் என்பதும் வெளியே வரும். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தபடி வீதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். கட்டில் பக்கத்து மெஷினில் நெஞ்சுத் துடிப்பு நூற்று முப்பத்திரண்டு என்று எண் ஓடியது. இளம் டொக்டர் ஒருவர், மாளிகாவத்தைப் பக்கத்துத் தமிழ் அவருக்கு.

“என்னத்தக் குடிச்சீங்க?”

“பால்.”

“வேற?”

“வேற ஒண்டுமில்லை. சொன்னபடிதான்.”

இரண்டு வருடம் ஓம் ஓம் என்று சொன்ன வாய்க்கு வேறு பதில் வரவில்லை. அப்படியென்றால் தையலில் கசிவா என்று பார்க்க வேண்டும், மருந்து குடிக்கவைத்துப் படம் எடுக்க வேண்டும், தேவைப்பட்டால் இன்றைக்கே திரும்பத் திறக்க வேண்டும் என்றார். கையெழுத்து வாங்கப் படிவம் வந்தது. பேனையை என் கையில் வைத்தார்கள். ஒரு கோப்பை இனிப்புக்காக வயிற்றைத் திறக்கச் சம்மதிக்கப் போகிறேன் என்று எனக்குத் தெரியும். அப்படியும் கையெழுத்துப் போடும் கோட்டைத் தேடினேன். ஒருவேளை உண்மையாகவே தையல் விட்டிருந்தால்?

அக்கா தாதியின் அருகே போனார். “மிஸ், சீனி ஹெந்தி தெகக்” என்று இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு கரண்டி சீனி. அவருக்குச் சிங்களம் அரைகுறை. எனக்கு நன்றாக விளங்கும் என்று அவருக்குத் தெரியும். எனக்கு முன்னால் அதைத் தமிழில் சொல்ல அவரால் முடியவில்லை.

டொக்டர் என் பக்கம் திரும்பினார். “இனிச்சது தெரியலயா ஒங்களுக்கு?”

“தெரிஞ்சது.”

அவர் பேனையை வாங்கினார். படிவத்தைக் கிழிக்கவில்லை, கட்டில் காலடியில் வைத்தார். சீனி நேரே குடலுக்குள் விழுந்தால் இப்படி அடிக்கும், ஒரு மணித்தியாலம் பார்ப்போம், இறங்காவிட்டால் படம்தான் என்றார்.

அந்த ஒரு மணித்தியாலம் நானும் அக்காவும் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தோம். நூற்று இருபத்தெட்டு. நூற்று முப்பது. நூற்று இருபத்தொன்று.

“தெரிஞ்சும் ஏனடா குடிச்சனி?”

“நீங்கள் ஏன் போட்டனீங்கள்?”

“நீதானே மாடே குடிக்காது எண்டனி.” பிறகு, மெதுவாக, “ஏதும் நடந்திருந்தால் நான் ஆருக்கு என்னெண்டு சொல்லுறது?” என்றார்.

நூற்று நான்கு. தொண்ணூற்றெட்டு. டொக்டர் வந்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். படிவத்தை எடுத்துக்கொண்டு போகும்போது, இங்கேயே கொஞ்சம் பால் குடித்துக் காட்டிவிட்டுப் போங்கள் என்றார்.

வார்ட்டுப் பால் வந்தது, சீனி போடாதது. அக்கா கரண்டியில் எடுத்து, தன் நாக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார். ஒன்பது நாளில் முதல் தடவையாக. முகம் சுருங்கியது. வேறு கரண்டி கேட்டு வாங்கி எனக்குத் தந்தார்.

விழுங்கினேன். அது வழக்கம்போல நெஞ்செலும்புக்குக் கீழே போய் நின்றது. இருவரும் எண்ணைப் பார்த்தோம். ஏறவில்லை. ஆனாலும் அடுத்த கரண்டிக்கு வாயைத் திறக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது.