நான் சோதிக்காத ஒரே ஃபோன்

அன்று அந்தக் கடையில் இருந்தவர்கள் நான்கே பேர். கடைக்கார பாய், அவர் மனைவி, ஆழ்வார்பேட்டையிலிருந்து நான்கு பட்டுப்புடவைகளோடு வந்திருந்த ஒரு மாமி, அப்புறம் நான். போன வருடம் ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். மயிலாப்பூர் மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. ஒரு ஸ்கூட்டரை நிறுத்தினாலே வாசல் அடைபட்டுப்போகிற அளவுக்குச் சின்னக் கடை. புடவையின் கீழ்க்கரையில் ஃபால்ஸ் தைப்பதும், கஞ்சி போட்டு உருளையில் ஓட்டி ரோல் பாலிஷ் போடுவதும் அவர்கள் தொழில்.

நான் அங்கே போனது அந்தக் கடையின் வெப்சைட்டை நிறுத்துவதற்காக. அதைச் செய்து கொடுத்தவனும் நான்தான்.

நான் ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன். தி.நகரில் ஒரு பிரவுசிங் சென்டரில் ஜெராக்ஸ் எடுக்கச் சேர்ந்து, ஓய்ந்த நேரத்தில் கம்ப்யூட்டரைத் தொட்டுத் தொட்டுக் கற்றுக்கொண்டேன். பிறகு வீடியோ பார்த்துப் பழகி, சின்னக் கடைகளுக்கு வெப்சைட் செய்து தர ஆரம்பித்தேன். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போனவன் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். யாராவது இங்கிலீஷில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால், படிக்காதவன் என்று தெரிந்துவிட்டதோ என உள்ளங்கை வேர்த்துவிடும்.

பாய் கடைக்குச் செய்தது எளிமையான வெப்சைட்தான். எத்தனை புடவை, என்ன வேலை, எந்தத் தேதியில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வாடிக்கையாளர் குறிக்க வேண்டும். தேதியைக் குறித்ததும் கீழே பச்சை நிறத்தில் ஒரு பட்டன் தோன்றும். அதைத் தொட்டால் பாய்க்குத் தகவல் போய்விடும், அவர் ஸ்கூட்டரில் போய் வாங்கி வருவார். இதை நம்பி அவர் தவணையில் இரண்டாவது பாலிஷ் மிஷின் வாங்கினார். அக்கா, அதாவது அவர் மனைவி, அடையாறு, நந்தனம் பக்கம் ஃபிளாட் ஃபிளாட்டாக ஏறி இறங்கி நோட்டீஸ் கொடுத்தார்.

தொடங்குவதற்கு முதல் நாள் பாய் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அல்லார் ஃபோன்லயும் வரும்ல நைனா? அடையாறுல எல்லாம் பெரிய பெரிய ஃபோனா வச்சிக்கினு கீறாங்க."

"எல்லாத்துலயும் பார்த்துட்டேன் பாய்" என்றேன்.

பார்க்கவில்லை. என் ஃபோனில் பார்த்திருந்தேன், லேப்டாப்பில் இரண்டு பிரவுசரில் பார்த்திருந்தேன், மெக்கானிக் நண்பன் ஃபோனிலும் ஜூஸ் கடைக்காரர் ஃபோனிலும் பார்த்திருந்தேன். எனக்குத் தெரிந்த யாரிடமும் ஐபோன் கிடையாது. அதிலும் பார்த்தாக வேண்டும் என்பது எனக்குத் தெரியும், வீடியோக்களில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். உஸ்மான் ரோட்டில் ஒரு பெரிய ஷோரூமில் ஐபோன்களை மேஜையில் வரிசையாக வைத்திருப்பார்கள், யார் வேண்டுமானாலும் தொட்டுப் பார்க்கலாம். அங்கே போய் இரண்டு நிமிடம் வெப்சைட்டைத் திறந்து பார்த்திருந்தால் போதும். போகத்தான் செய்தேன். கண்ணாடிக் கதவுப் பக்கத்தில் நின்ற செக்யூரிட்டி என் ரப்பர் செருப்பைப் பார்த்த மாதிரி இருந்தது. யாருக்கோ காத்திருப்பதுபோல நடைபாதையில் இரண்டு தடவை முன்னும் பின்னும் நடந்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். வீட்டில் உட்கார்ந்து என் ஃபோனிலேயே இன்னும் பத்து தடவை சோதித்தேன். பத்து தடவையும் நன்றாகத்தான் வந்தது.

மூன்று மாதத்தில் வந்த ஆர்டர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பாய் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்கா ரேட்டைக் குறைத்துப் பார்த்தார், கஞ்சிப் பதத்தை மாற்றிப் பார்த்தார். மிஷின் தவணை மட்டும் மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தது. கடைசியில் கடையைக் காலி செய்துவிட்டு, தி.நகரில் ஒரு பெரிய துணிக்கடையில் சம்பளத்துக்குப் போய்விடலாம் என்று பாய் முடிவுக்கு வந்திருந்தார். கட்டட ஓனருக்கு அன்று சாயங்காலம் பதில் சொல்வதாக இருந்தது.

நான் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தபோது அக்கா மாமியின் புடவைகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க வெப்சைட்ல மூணு தரம் போட்டுப் பார்த்தேன்" என்றார் மாமி. "தேதி வரைக்கும் வர்றது. அப்புறம் ஒண்ணையுமே காணோம். சரி, இவாளுக்கு நம்மாத்துப் பக்கமெல்லாம் வர இஷ்டமில்லையாக்கும்னு நெனச்சுண்டேன். இன்னிக்கு இந்தப் பக்கம் வந்தேன், கையோட எடுத்துண்டு வந்துட்டேன்."

கையிலிருந்த ஃபோனைக் காட்டினார். ஐபோன். அமெரிக்காவில் இருக்கும் மகள் புதிது வாங்கிக்கொண்டு பழசை அம்மாவிடம் தள்ளிவிட்டாளாம். அதில் எங்கள் வெப்சைட் திறந்திருந்தது. தேதி குறித்திருந்தது. பட்டன் இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளையாக இருந்தது.

நெட் ஸ்லோவா இருக்கும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா, மடியில் இருந்த புடவையைத் தடவியபடி பாயிடம் மெதுவாகச் சொன்னார். "நான் பாலிஷ்தான் சரியில்லன்னு நெனச்சிக்கினு இருந்தேன். என் கைதான் ராசியில்லன்னு."

அதற்கு மேல் என்னால் பொய் சொல்ல முடியவில்லை. ஐபோனில் நான் சோதிக்கவே இல்லை, பார்த்ததாகச் சொன்னது பொய், ஷோரூமுக்குள் போகப் பயந்து வந்துவிட்டேன் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

பாய் மிஷினை நிறுத்தினார்.

"மூணு மாசம்" என்றார். "ஐபோன் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, எதிர்ல டாக்டரம்மா கையில கீது, ரெண்டு நிமிசம் வாங்கிக் குடுத்திருப்பேனேடா. அதுக்கு இன்னா வெட்கம்?"

அக்கா, "அவனே அழுவுற மாதிரி கீறான், வுடு" என்றார்.

மாமி ஃபோனை என் பக்கம் நீட்டினார். "இந்தா. இதை வச்சுண்டு சரி பண்ணிடு. வாட்ஸ்அப்பை மட்டும் தொறக்காதே, அதுல என் சம்பந்தி பத்தி நெறைய இருக்கு."

பாய் சிரித்துவிட்டார்.

ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. பெயர் தெரியாத ஒருவனிடம் ஃபோனைக் கொடுத்துவிட்டு, அந்த அம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து அக்கா போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். நடுநடுவே மகளிடமிருந்து மெசேஜ் வந்து நான் வேலை செய்யும் இடத்தை மறைத்தது. "தள்ளி விடு, அவ பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு அனுப்புவா" என்றார். தப்பு எங்கே என்று கண்டுபிடித்தபோது எனக்கே கேவலமாக இருந்தது. தேதியையும் நேரத்தையும் சேர்த்து நான் எழுதியிருந்த முறையை என் ஃபோனில் இருந்த பிரவுசர் எப்படியோ புரிந்துகொண்டது. ஐபோனில் இருந்தது புரிந்துகொள்ளவில்லை. தேதியே இல்லை என்று எடுத்துக்கொண்டு பட்டனைக் காட்டாமலே விட்டுவிட்டது. பிரவுசர் மேல் குற்றமில்லை, எல்லாவற்றுக்கும் பொதுவான முறையில் எழுதாதது என் தவறு. ஒரே வரியை மாற்ற வேண்டியிருந்தது.

மாற்றியதும் ஃபோனை மாமியிடம் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நான்கு புடவை என்று போட்டார், தேதியைத் தொட்டார். பச்சை பட்டன் வந்தது. அழுத்தினார். இரண்டடி தள்ளி, பாயின் சட்டைப் பையில் ஃபோன் ஒலித்தது.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சாயங்காலம் பாய் ஓனரிடம், இன்னும் இரண்டு மாதம் பார்க்கிறேன் என்று சொன்னார். மறுநாளிலிருந்து அக்கா மறுபடி நோட்டீஸ் கொடுக்க, அடையாறிலிருந்து ஆர்டர் வரத் தொடங்கியது. ஆவணி முகூர்த்தங்களுக்கு இரண்டு மிஷினும் ஓடின. கடை இன்றைக்கும் அதே சந்தில்தான் இருக்கிறது.

இப்போது புது வேலை எடுத்தால், என்னிடம் எந்தெந்த ஃபோன் இல்லை என்பதைத்தான் முதலில் சொல்கிறேன். ஒருவர்கூட அதைக் கேட்டு என்னை ஏளனமாகப் பார்த்ததில்லை. யாராவது ஒருவர் பையிலிருந்து எடுத்து நீட்டுகிறார்.

வெப்சைட்டுக்காக பாய் எனக்குக் கொடுத்திருந்தது எட்டாயிரம் ரூபாய். நாலு நாள் கழித்து அதைத் திருப்பித் தரப்போனேன், கையில் இருந்தது ஐநூறுதான். அவர் வாங்க மறுத்தார். அக்கா, "வாங்கிக்க, இல்லாங்காட்டி இந்தப் புள்ள தூங்காது" என்றார். அன்றிலிருந்து மாதம் ஐநூறு கொடுத்து வருகிறேன். அவர் எண்ணிப் பார்ப்பதுகூட இல்லை. கடன் முடிந்துவிட்டால், தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் தைரியமும் எனக்கு முடிந்துபோகுமோ என்று இப்போது ஒரு புதுக் கவலை வந்திருக்கிறது. நல்லவேளை, இன்னும் இரண்டாயிரத்து ஐநூறு ரூபாய் பாக்கி இருக்கிறது.