மழைப்பாட்டும் சந்தைப்பாட்டும்

இத்தனை காலம் எப்படி விடாமல் எழுதினீர்கள் என்று கேட்கிறார்கள். நான் சொல்லும் பதில் ஆளுக்கு ஆள் மாறும். தினமும் எழுதினால் கை பழகிவிடும் என்று ஒருவரிடம் சொன்னேன். மனம் வராத நாளில் பென்சிலைத் தொடவே கூடாது என்று மறுநாள் இன்னொருவரிடம் சொன்னேன். அவர்கள் இருவரும் அண்ணன் தம்பி என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டும் பொய்யில்லை. உள்ளதைச் சொல்வதென்றால், எனக்கே இன்னும் பிடிபடவில்லை.

எழுத்து எனக்குச் சோறு போட்டதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் சிறிய ஜவுளிக்கடை வைத்திருந்தேன். சந்தை நாளில் மூட்டைகளை வண்டியில் ஏற்றி ராஜபாளையம் போவேன். கையில் அளக்கும் கஜக்கோல், காதில் துணிக்குக் குறி போடும் பென்சில். வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் அதே பென்சிலால் சிந்தும் கும்மியும் எழுதுவேன். நாலைந்து பாட்டு சேர்ந்ததும் சாத்தூர் வரை மாட்டுவண்டியிலும் அங்கிருந்து ரயிலிலும் மதுரைக்குப் போய் அச்சுப் போட்டு வருவேன். அந்தச் சின்னப் புத்தகங்கள் சேலைக்குப் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும். தனியாகக் கேட்டு வாங்கியவர்கள் அபூர்வம். சேலை எடுத்தால் பாட்டுப் புத்தகம் சும்மா என்று நானே மடித்து உள்ளே வைத்துவிடுவேன். சேலைக்காகப் பாட்டை எடுத்துப் போனார்களா, பாட்டுக்காகச் சேலை எடுத்தார்களா என்று அப்போது யோசித்துக் குழம்புவேன். இரண்டாவதற்கு வழியே இல்லை என்று மனைவி சொல்வாள்.

எனக்குப் பிரியமானது சந்தைக் கும்மி. ராஜபாளையம் சந்தையில் நான் பார்த்த பேரமும் சண்டையும் சமாதானமும் அப்படியே பாட்டாக வரவேண்டும் என்பது ஆசை. விடிகாலையில் வண்டிகள் வந்து சேர்வதில் தொடங்கி, பொழுது சாய்ந்து கடைசிக் கூடை காலியாவது வரை போகவேண்டும். முதல் பாகத்தை மட்டும் அச்சுப் போட்டேன். அதில் ஒரு பெண் ஜவுளிக்காரனைத் திட்டுவாள்:

விரிச்சு விரிச்சுக் காட்டுறீரு, வெட்டித் தர மனமில்லையோ?
வந்து நின்னு கால் கடுக்குது, வார்த்தை ஒண்ணும் வரவில்லையோ?

திட்டு வாங்கிய ஜவுளிக்காரன் நானேதான். சந்தையில் அந்தப் பாட்டை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இதில் என்ன இருக்கிறது, நாங்கள் தினம் பேசுகிறதுதானே என்றார்கள். அதனால்தான் எழுதினேன் என்றேன். அவர்களுக்குப் புரியவில்லை. சற்று நேரத்தில் எனக்கும் புரியாமல் போயிற்று.

அந்த வருஷம் புரட்டாசி காய்ந்தே போயிற்று. கூமாப்பட்டியிலிருந்து நாலு பெண்கள் கடைக்கு வந்தார்கள். ஊரில் மழைச்சோறு எடுக்கப்போவதாகச் சொன்னார்கள். மழை தவறினால் அந்தப் பக்கத்துப் பெண்கள் வீடு வீடாகப் போய் உப்பில்லாத கூழும் சோறும் வாங்கி ஒரே பானையில் கொட்டிக் கலந்து, கண்மாய்க் கரையில் உட்கார்ந்து குடிப்பார்கள். பிறகு வானத்தைப் பார்த்து ஒப்பாரி வைப்பார்கள். அதற்குத்தான் ஒரு பாட்டு வேண்டும் என்றார்கள். உங்களிடம் பழைய பாட்டு இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது, ஆனால் வானத்துக்கு அது கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது என்றாள் அவர்களில் மூத்தவள்.

நான் ஐந்து வேளையும் தொழுகிறவன், இது உங்கள் வழக்கம் ஆயிற்றே என்று தயங்கினேன்.

"உங்க சேலையக் கட்டிக்கிட்டுத்தான் ராவுத்தரே நாங்க சாமி கும்பிடுதோம். பாட்டுக்கு மட்டும் என்ன வந்துச்சு?" என்றாள் அவள்.

எழுதிக் கொடுத்தேன். கார்முகில், கருணைக்கடல், கொண்டல், மாரி என்று எனக்குத் தெரிந்த பெரிய சொற்களையெல்லாம் அதில் இறக்கினேன். வானத்துக்குப் போகிற பாட்டல்லவா, சந்தைப் பேச்சில் எழுதக் கூடாது என்று நினைத்தேன். எழுதி முடித்து நானே இரண்டு தரம் படித்துப் பார்த்து மெச்சிக்கொண்டேன்.

ஐப்பசி பிறந்ததும் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்து கொட்டித் தீர்த்தது. ஐப்பசியில் பெய்யாத மழை வேறு எப்போது பெய்யும்? ஆனால் அதைச் சொல்ல யாருக்கும் மனமில்லை. எங்கள் பள்ளிவாசலில் மழைக்காகத் தனியாகத் தொழுதிருந்தோம். அதனால் பெய்தது என்றார்கள். நானும் அந்த வரிசையில் நின்றவன்தான், ஆமாம் என்றேன். கோயில் வீதியில் எனக்குப் பழக்கமான வைஷ்ணவர் ஒருவர், கோயிலில் ஜபம் நடந்தது, அதன் பலன் என்றார். அவரிடமும் ஆமாம் என்றேன். கூமாப்பட்டிப் பெண்கள் வந்து, எல்லாம் உங்கள் பாட்டால்தான் என்று கடை வாசலில் நின்று சொன்னார்கள். சந்தோஷத்தில் காது சூடாகிவிட்டது.

அன்று பிடித்தது சனி. மழைப்பாட்டு ராவுத்தர் என்று பெயர் விழுந்தது. வருகிறவர்கள் எல்லாம் மழைப்பாட்டு கேட்டார்கள். பக்கத்து ஊரான கான்சாபுரத்திலிருந்தும் கேட்டார்கள். ஜாதகம் பார்க்கிற மாதிரி வயல் இருக்கும் திசையைச் சொல்லிக் கேட்டவர்களும் உண்டு. சந்தைக் கும்மியின் இரண்டாம் பாகத்தைக் கொஞ்சம் எழுதி ஒரு நண்பருக்குப் படித்துக் காட்டினேன். 'வெயிலேறி வந்ததடி' என்று தொடங்கும் பாட்டு அது. அவர் முகம் மாறிவிட்டது.

"வெயிலுன்னு எழுதாதிய. உங்க வாக்குப் பலிக்குது," என்றார்.

சிரித்தேன். ஆனால் மறுநாள் அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். பிறகு வறட்சி, புழுதி, தாகம் என்று ஒவ்வொன்றாகப் போயின. வெயிலும் புழுதியும் இல்லாமல் ராஜபாளையம் சந்தையை யார் எழுத முடியும்? மீனைப் பற்றிப் பாடு, தண்ணீரைச் சொல்லாதே என்றால் எப்படி? இரண்டாம் பாகம் அப்படியே நின்றது.

அப்போதுதான் ராஜபாளையத்தில் பருத்தி நிலம் நிறைய வைத்திருந்த ஒரு பெரிய வீட்டுக்காரர் கூப்பிட்டனுப்பினார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். 'ரண்டி, ரண்டி' என்று வரவேற்று உட்காரவைத்து மோர் கொடுத்தார். கடையைக் கட்டிக்கொண்டு அழவேண்டாம், வருஷத்துக்கு வேண்டிய நெல்லை வீட்டில் இறக்கிவிடுகிறேன், குடியிருக்க இடமும் தருகிறேன், என் நிலத்துக்கு மழைப்பாட்டும் வீட்டு விசேஷத்துக்கு வாழ்த்துப்பாட்டும் எழுதிக்கொண்டு நிம்மதியாக இரும் என்றார். எழுதுகிறவன் வேறென்ன கேட்பான்? கஜக்கோலைக் கீழே வைத்துவிட்டு நாள் முழுக்க எழுதலாம். ஆனால் எழுதவேண்டியது மழையை மட்டும். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தேன். வருகிற வழியில் சரி என்று தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் வேண்டாம் என்று தோன்றியது. மறுபடி ராஜபாளையம் போனால் சரி என்றே தோன்றியது. இப்படியே ஒரு வருஷம் வண்டியில் போய்வந்துகொண்டிருந்தேன்.

அடுத்த ஐப்பசி பொய்த்தது. மேகம் வரும், நிற்கும், போய்விடும். கூமாப்பட்டிப் பெண்கள் மறுபடி வந்து புதுப்பாட்டு கேட்டார்கள். போன வருஷத்து மழை என்னுடையது என்றால் இந்த வருஷத்து வறட்சியும் என்னுடையதுதானே? பழைய பாட்டையே இன்னும் நீளமாக, இன்னும் பெரிய சொற்களாகப் போட்டு எழுதிக் கொடுத்தேன். ஒரு துளி விழவில்லை. பெரிய வீட்டுக்காரரின் ஆள் சந்தையில் என்னைக் கண்டும் காணாமல் போனான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மழைப்பாட்டு ராவுத்தர் என்று கூப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

மனைவியிடம் புலம்பினேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"நம்ம கடைத் துணியக் கட்டுனவ வீட்டுல கல்யாணம் நடந்தா நம்மளாலயா? எழவு விழுந்தா நம்மளாலயா? பாட்டும் அப்படித்தான்," என்றாள்.

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். எனக்கு அது இன்னும் மோசமாகப் பட்டது. பாட்டால் ஒன்றும் ஆகாது என்றால் நான் எதற்காக எழுதவேண்டும்? இனிமேல் எழுதுவதில்லை, விட்டுவிட்டேன் என்று சொன்னேன். சரி என்று சொல்லிவிட்டுக் கீரையை உருவினாள். அந்தச் 'சரி' எனக்குச் சுருக்கென்றது. இரண்டு மூன்று நாள் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு திரிந்தேன். கீரை மாறிக் கத்தரிக்காய் ஆயிற்றே தவிர, என் எழுத்தைப் பற்றி ஒரு பேச்சும் எழவில்லை.

கூமாப்பட்டியில் மறுபடி மழைச்சோறு எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். என் பாட்டை யாரும் பாடி நான் கேட்டதில்லை. விடுவது என்று ஆனபிறகு ஒரு தடவை கேட்டுவிட்டாவது விடலாம் என்று ஒரு சேலை மூட்டையைச் சாக்கு வைத்துக்கொண்டு போனேன். கண்மாய்க் கரையில் பெண்கள் கூடியிருந்தார்கள். எனக்கும் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் கூழ் ஊற்றினார்கள். உப்பில்லாமல் தொண்டையில் இறங்கவில்லை.

பிறகு மலைப்பக்கம் பார்த்துப் பாட ஆரம்பித்தார்கள். அங்கே கருமேகம் படர்ந்து படர்ந்து கலைந்துகொண்டிருந்தது. மூத்தவள் கையை நீட்டி முதல் அடி எடுத்தாள்.

விரிச்சு விரிச்சுக் காட்டுறீரு, வெட்டித் தர மனமில்லையோ?
வந்து நின்னு கால் கடுக்குது, வார்த்தை ஒண்ணும் வரவில்லையோ?

மற்றவர்கள் மாரில் அடித்துக்கொண்டு வாங்கிப் பாடினார்கள். ஒரு சொல் மாறவில்லை. சந்தையில் ஜவுளிக்காரனைத் திட்டிய பாட்டு வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கூடவே ஒன்றும் விளங்கவில்லை. பாட்டு நின்றதும் மூத்தவளிடம், நான் எழுதிக் கொடுத்த மழைப்பாட்டு எங்கே என்று கேட்டேன். அவள் கொஞ்சம் கூச்சப்பட்டாள்.

"அது வாயில நுழையல ராவுத்தரே. போன வருசமும் இதைத்தான் பாடுனோம். சேலைக்குள்ள இருந்துச்சுல்லா புஸ்தகம், அதுல உள்ளது. உங்க மனசு சங்கடப்படும்னு சொல்லல."

அப்படியென்றால் போன வருஷத்து மழை என் மழைப்பாட்டால் வந்ததில்லை. இந்த வருஷம் வராததும் அதனால் இல்லை. ஒரு வருஷமாக வெயில் என்ற சொல்லைக் கண்டு நான் பயந்தது எதற்கு? தலையிலிருந்து மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது. இறங்கிய மூட்டையில் என் பேரும் புகழும் போய்விட்டதே என்று வருத்தமாகவும் இருந்தது. சந்தைப்பாட்டைப் பாடினார்களே என்று நெஞ்சு விம்மியது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கோபமும் வந்தது. எதை முதலில் படுவது என்று தெரியாமல் சிரட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பெண்கள் அதற்குள் மூட்டை முடிச்சைத் தலையில் வைத்துக்கொண்டார்கள். மழைச்சோற்றில் கடைசியாக அது ஒன்று உண்டு. மழை பெய்யாத ஊரில் இனிமேல் எங்களுக்கு என்ன வேலை, நாங்கள் தேசாந்தரம் போகிறோம் என்று அழுதுகொண்டே ஊரை விட்டு நடப்பார்கள். ஊர்ப் பெரியவர்கள் ஓடிவந்து மறித்து, மழை வரும், திரும்புங்கள் என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டார்கள். திரும்பினார்கள். அழுத கண்ணோடு வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தார்கள். நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பினேன். எனக்கு ஏனோ வழியெல்லாம் மனைவிமேல் கோபம் கோபமாக வந்தது.

வீட்டுக்கு வந்ததும் நடந்ததெல்லாம் சொன்னேன். சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள். கடைசியில் அடக்கமுடியாமல் கேட்டுவிட்டேன்.

"அந்தப் பொம்பளைகளக் கூப்பிட ஆள் ஓடி வந்துச்சு. நான் எழுதுறத விட்டுட்டேன்னு சொன்னப்ப நீ ஒரு வார்த்தை வேண்டாம்னு சொன்னியா?"

"நீங்க எங்க போனிய, நான் கூப்பிடுறதுக்கு? காதுல பென்சில் அப்படியே இருக்கு," என்றாள்.

தொட்டுப் பார்த்தேன். இருந்தது. அது துணிக்குக் குறி போடுகிற பென்சில் என்று சொல்லியிருக்கலாம். சோற்றில் உப்பு சரியாக இருந்தது, அதை ருசித்துச் சாப்பிட்டேன்.

பெரிய வீட்டுக்காரருக்கு ஒரு பதிலும் சொல்லவில்லை; அவரும் பிறகு கேட்கவில்லை. அது நல்லதா கெட்டதா என்று இன்றுவரை அறுதியாகத் தெரியவில்லை. நெல் வந்து இறங்கியிருந்தால் பெரிய காவியம் ஏதாவது எழுதியிருப்பேனோ என்று சில நாள் தோன்றும். ஒன்றுமே எழுதியிருக்கமாட்டேன் என்று சில நாள் தோன்றும். அதற்குப் பிறகும் பலமுறை, எழுத்தை விட்டுப் போகிறேன் போகிறேன் என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். யாரும் மறிக்கவில்லை. கடைக்கு யாராவது வருவார்கள், குறி போடக் காதுக்குக் கை போகும், பென்சில் அகப்படும்.

அந்த வருஷம் மழை கார்த்திகையில்தான் வந்தது. பள்ளிவாசலில் ஒரு காரணம் சொன்னார்கள், கோயில் வீதியில் ஒரு காரணம் சொன்னார்கள். என் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. நிம்மதியாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. கடை வாசலில் செம்மண் தண்ணீர் பெருகி ஓடியது. நான் உள்ளே சேலைகளை மேல்தட்டில் ஏற்றிவிட்டு உட்கார்ந்து, ராஜபாளையம் சந்தையில் வெயில் ஏறுவதை எழுதிக்கொண்டிருந்தேன்.