ஜவளகிரிக்குக் கம்ப்யூட்டர் வாங்கப் போனேன்

2008 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து ஜவளகிரிக்குப் போனேன். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள்: பழைய கம்ப்யூட்டர் வாங்க. டிவியில் மாட்டி, டேப் ரிக்கார்டரில் கேசட் போட்டு விளையாட்டை ஏற்றுவோமே, அந்த வகை. சிறுவயதில் எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. அதில் ஒரு குகை விளையாட்டு. கடைசிக் குகையைத் தாண்டினால் தண்ணீருக்கடியில் ஒரு மாளிகை வரும். அதை இன்னொரு முறை பார்த்துவிட ஆசை. ஜவளகிரியிலிருந்து ஓசூர் தொழிற்சாலை ஒன்றுக்கு வேலைக்குப் போய்வரும் வெங்கடேஷ், அதே கம்ப்யூட்டர் கேசட்டோடு விற்பனைக்கு என்று இணையக் குழு ஒன்றில் எழுதியிருந்தார்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பி ஓசூர் வந்து, தளி வழியாகப் போகும் பஸ் பிடித்தேன். முப்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். டிக்கெட் பதினான்கு ரூபாய். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். "யானை ரோட்ல நிக்கலன்னா ஒன்றரை மணி நேரம் சார்," என்றார் கண்டக்டர். நிற்கவில்லை.

வெங்கடேஷ் பஸ் நிறுத்தத்துக்கே வந்து வீட்டுக்கு அழைத்துப் போனார். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் அவர் மனைவி லட்சுமி.

"இவரு விக்கறேன்னாரு. நான் விக்கறதா இல்ல. வேணும்னா ஆடிட்டுப் போங்க சார்."

வெங்கடேஷ் தெலுங்கில் ஏதோ கெஞ்சிப் பார்த்தார். பலிக்கவில்லை.

ஆடினேன். இரண்டாவது குகையிலேயே என் ஆள் செத்தான். மாளிகை வரைக்குமாவது நீங்கள் ஆடிக் காட்டுங்கள் என்றேன் லட்சுமியிடம்.

"மாளிகையா? அப்பிடி ஒண்ணும் வராதுங்க. கடசி முடிஞ்சா மறுபடி மொதக் குகதான்."

ஆடியும் காட்டினார். கடைசிக் குகை முடிந்தது. திரை கறுத்தது. முதல் குகை வந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பச்சைத் தூண்கள், கதவோரம் மீன்கள், எல்லாம் கண்ணுக்குள் நிற்கின்றன. இது வேறு கேசட்டோ? மதுரையிலிருக்கும் அக்காவுக்கு அங்கிருந்தே போன் போட்டு, தூண், கதவு, மீன் என்று எல்லாம் சொன்னேன்.

"என்னடா உளர்ற? நாம மூணாவது குகையவே தாண்டினதில்ல. படுக்கும்போது நீதான தெனம் மிச்சத்தக் கதையா விடுவ? மாளிகை, மீனு, எல்லாம் உன் கதைடா!"

போனை வைத்தேன். நான் இவ்வளவு தூரம் தேடி வந்தது எதை?

லட்சுமி ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அந்தக் கதவத் தெறந்தா உள்ள இன்னா சார் இருக்கும்?"

சொல்ல ஆரம்பித்தேன். நினைவிலிருந்து வந்ததா, அப்போது தோன்றியதா, இன்றுவரை தெரியவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: விற்பனைக்கு என்றால், வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். திரும்பும் பஸ் நேரத்தையும் விசாரித்து வையுங்கள். நான் விசாரிக்கவில்லை. "பஸ்ஸு வந்திருச்சு சார்!" என்று வெங்கடேஷ் வாசலிலிருந்து கத்தியபோது, மாளிகைக்குள் நாங்கள் முதல் அறையில்தான் இருந்தோம்.