நாலு மணிக்கு வரும் நகரம்

“உங்க ஊர்ல மொத்தம் எத்தனை தெரும்மா?”

வேலைக்கான இன்டர்வியூவில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி இது. மூன்று என்றேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் சான்றிதழ்களை இன்னொரு முறை புரட்டிப் பார்த்தார். “மூணு தெரு ஊர்ல இருந்து வந்து சிட்டிக்கு பிளான் போடப் போறியா?”

கிண்டல் இல்லை. நிஜமான சந்தேகம்தான்.

முகையூர் பக்கம் எங்கள் ஊர். மூன்று தெரு, ஒரு தண்ணீர்த் தொட்டி, சுற்றிலும் மல்லாட்டைக் கொல்லை. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நகரத் திட்டமிடல் என்று ஒரு பட்டப்படிப்பு இருப்பதே கவுன்சலிங் ஹாலில்தான் எனக்குத் தெரியவந்தது. இன்றைக்கும் சொந்தக்காரர்களுக்கு நான் ‘பிளான் போடற பொண்ணு’. வாஸ்துப்படி பூஜை அறை எந்த மூலையில் வரணும் என்று கேட்டு போன் வரும். தெரியாது என்றால் நம்ப மாட்டார்கள். அப்போ நாலு வருஷம் என்னதான் படிச்ச?

சந்தேகப்பட்டவரே வேலையும் கொடுத்தார். இப்போது அவர்தான் என் மேனேஜர்.

வேலை, ஒரு ஸ்மார்ட் சிட்டியில். பெயர் வேண்டாம்... விழுப்புரத்திலிருந்து ரயிலில் போய்த் திரும்பும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசு நாடு முழுக்க நூறு நகரங்களைத் தேர்ந்தெடுத்த திட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த நூறில் விழுப்புரம் இல்லை, திண்டிவனமும் இல்லை. நாங்கள் ஸ்மார்ட் இல்லாத ஊரில் தூங்கி எழுந்து, ஸ்மார்ட்டான ஊருக்கு வேலைக்குப் போகிறவர்கள்.

திட்டத்தின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. மிச்சம் இருக்கும் சாலைகளை முடித்துவிட வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். என்னிடம் வந்தது அதில் ஒரு சாலை. அகலமான நடைபாதை, தரைக்கு அடியில் கேபிள், மரத்துக்கு மரம் பெஞ்ச். வரைந்து முடித்து, கம்ப்யூட்டரில் நிஜமான தெரு போல ஒரு படமாக மாற்றியபோது எனக்கே பெருமையாக இருந்தது. போனில் ஏற்றி வைத்துக்கொண்டேன். யாரிடமாவது காட்ட வேண்டாமா?

கன்னியம்மா அக்காவிடம் காட்டினேன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு எங்கள் லேடீஸ் கோச் பழக்கம்தான். கன்னியம்மா அக்கா திண்டிவனத்துக்காரர். மத்தியானம் மல்லாட்டையை அவித்து, அண்டாவோடு ரயில் ஏறுவார். அந்த நகரத்தில் நாலு மணியிலிருந்து ஏழு மணி வரை வியாபாரம். ஏழரை மணி ரயிலில் என்னோடு திரும்புவார். ரயில் ஏறும்போது அது மல்லாட்டை, இறங்கி விற்கும்போது வேர்க்கடலை. “பேரு மாத்தலன்னா அங்க ஒருத்தனும் வாங்க மாட்டான்” என்பார். அந்த வியாபாரத்தில்தான் அவர் மகள் முண்டியம்பாக்கத்தில் லேப் டெக்னீஷியன் படிப்பு படிக்கிறாள். அந்த வீட்டிலும் அவள்தான் முதல் ஆள்.

அக்கா உட்காருவது நான் வரைந்த அதே சாலையில் என்பது, சத்தியமாக எனக்குத் தெரியாது. மூன்று வருஷமாக ஒன்றாகப் பயணம் செய்கிறோம். எங்கே விற்கிறீர்கள் என்று நான் கேட்டதே இல்லை.

படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். “ஏம்மா, இது பேங்கு. இது டிரான்ஸ்பார்மரு. இது என் வேப்பமரம். இதுல நான் எங்க குந்திக்கினு இருக்கேன்?”

நானும் பார்த்தேன். வேப்ப மரத்தடியில் பெஞ்ச் இருந்தது. பெஞ்சில் தங்க நிற முடியோடு ஒரு வெள்ளைக்காரப் பெண், மடியில் லேப்டாப்.

இதை விளக்கியாக வேண்டும். இந்த மாதிரிப் படங்களில் நடமாடும் மனிதர்களை நாங்கள் வரைவதில்லை. சாஃப்ட்வேரில் ரெடிமேடாக இருப்பார்கள். கோட்டு போட்டவர், நாயைப் பிடித்துக்கொண்டு நடப்பவர், சைக்கிள் ஓட்டும் குழந்தை... இழுத்து வந்து வைத்தால் தெரு நிறைந்துவிடும். வெயிலில் வெந்து கிடக்கும் ஒரு ரோட்டில் கோட்டு போட்டவர் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை.

“இவ யாரு?”

“சும்மா பொம்மைக்கா.”

“பொம்மைன்னா என் எடத்துலதான் வந்து குந்தணுமா? சுத்தி அவ்ளோ எடம் கெடக்குது.”

“அவளுக்கும் ஒரு படி அளந்து போடுக்கா. பாவம், ஒல்லியா இருக்கா” என்றார் எதிர் சீட்டில் இருந்தவர். பெட்டியே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

“ரோடு வேலை ஆரம்பிச்சா எழுப்பி வுட்டுருவாங்களா?”

சாலையோர வியாபாரிகள் பட்டியலில் பெயர் இருந்தால் அப்படி எழுப்பிவிட முடியாது, வேறு இடமாவது காட்ட வேண்டும் என்றேன்.

“என் பேரு இருக்குதா?”

இல்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும். ஏனென்றால் அந்தச் சாலையில் கணக்கெடுத்ததே நான்தான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஆரம்பித்து, சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் முடித்துவிட்டேன். இளநீர்க்காரர், செருப்பு தைப்பவர், பூக்காரம்மா... எல்லோரும் இருந்தார்கள். வேப்ப மரத்தடி காலி. காலி என்று எழுதினேன். காலி இடம் என்றால் பெஞ்ச் போடலாம் அல்லவா? போட்டேன்.

அக்காவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை, இப்படிச் சொன்னார்: “நீ ஆபீஸ் டயத்துல வந்துக்கினு என்னைத் தேடினா நான் எப்படிம்மா இருப்பேன்?”



மறுநாள் மேனேஜரிடம் போனேன். சாயங்காலம் இன்னொரு முறை கணக்கெடுக்க வேண்டும் என்றேன். பட்டியல் வெள்ளிக்கிழமை முடிகிறது, அதற்குள் எடுத்தால் எடுத்துக்கொள், வண்டியும் ஆளும் தர முடியாது என்றார். நியாயம்தான். அரை நாள் லீவு போட்டு, நாலு மணிக்குப் போய் நின்றேன்.

காலையில் பார்த்த தெருவா அது? சுண்டல், அவித்த சோளம், கொய்யா, போன் கவர், குழந்தை ஜட்டி. டிரான்ஸ்பார்மர் வேலியில் பெல்ட் தொங்கியது. பேங்க் ஷட்டரை இறக்கிய அடுத்த நிமிஷம் அதன் படிக்கட்டு கடையாகிவிட்டது. காலையில் நான் எண்ணிய தலைகளைவிட இரண்டு பங்கு அதிகம். முக்கால்வாசிப் பேர் ரயிலிலோ பஸ்ஸிலோ வந்தவர்கள். ஒரு நகரம் நாலு மணிக்கு வந்து ஏழு மணிக்குக் கிளம்பிப் போகிறது. நாங்கள் இன்னொரு நகரத்துக்குப் படம் வரைந்து வைத்திருக்கிறோம்.

வேப்ப மரத்தடியில் நின்றே போனில் கணக்கெடுப்பு ஆப்பைத் திறந்து, முதல் ஆளாகக் கன்னியம்மா அக்காவின் பெயரை ஏற்றினேன். அடுத்த கட்டம், குடியிருக்கும் வார்டு எண். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். அதாவது, நிரப்பாமல் நகர முடியாது.

அக்கா சுருக்குப் பையிலிருந்து ரேஷன் கார்டை எடுத்து நீட்டினார். “ஸ்மார்ட் சிட்டிக்கு இந்த ஸ்மார்ட் கார்டு செல்லாதா?”

கார்டில் திண்டிவனம் விலாசம். ஆப் ஏற்கவில்லை. மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் அதே சிவப்பு எழுத்து. வரிசையாக நின்ற கொய்யாக்காரரும் சுண்டல்காரரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அவர்களுக்கும் அங்கே வார்டு கிடையாது. எல்லோரையும் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன்.

மேனேஜரிடம் மறுபடியும் போனேன். “வெளியூர் ஆளுங்களை எல்லாம் சேர்த்தா லிஸ்ட் எங்கம்மா போய் நிக்கும்?”

“திண்டிவனம் வரைக்கும் போவும் சார்.”

சொன்ன பிறகுதான் அதிகமாகப் பேசிவிட்டேனோ என்று தோன்றியது. என் கான்ட்ராக்ட் அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிப்பது அவர் கையில் இருக்கிறது. அவர் கோபப்படவில்லை. அந்த வார்டுக் கேள்வியைப் படிவத்தில் வைத்தது யார் என்று போய்ப் பாரு, மேலிடம் என்றால் நம்மால் தொட முடியாது என்றார்.

போய்ப் பார்த்தேன். விதிமுறைகளை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். எங்கே வியாபாரம் செய்கிறார் என்று கேட்கச் சொல்லியிருக்கிறது. எங்கே தூங்குகிறார் என்பதைக் கட்டாயமாகக் கேட்கச் சொல்லவில்லை. மேலிடம் அனுப்பிய மாதிரிப் படிவத்திலும் நட்சத்திரம் இல்லை. எங்கள் ஆபீஸ் ஆப்பில் மட்டும் இருந்தது. அந்தப் படிவத்தை ஆப்பில் ஏற்றியவர் பெயரும் ஓரத்தில் இருந்தது.

என் பெயர்.

சேர்ந்த புதிது. ஒரு கட்டமும் காலியாக இருக்கக் கூடாது, மூணு தெரு ஊர்ப் பெண் வேலையில் குறை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது... ஒவ்வொரு கேள்விக்கும் வரிசையாக நட்சத்திரம் போட்டிருக்கிறேன். பெரிய பெரிய அநியாயங்களுக்குப் பின்னால் பெரிய மனிதர்கள் இருப்பார்கள் என்று நினைக்கிறோம். பாதி இடங்களில், நல்ல பெயர் வாங்க ஆசைப்பட்ட யாரோ ஒரு புது ஆள்தான் இருப்பார் போல.

வெள்ளிக்கிழமை காலை நட்சத்திரத்தை எடுத்தேன். என்ன செய்தேன், ஏன் செய்தேன், முதலில் போட்டதும் நானே என்று மேனேஜருக்கு மெயில் போட்டேன். பிறகு நோட்டில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக ஏற்றினேன். கன்னியம்மா, அவித்த வேர்க்கடலை, வேப்ப மரத்தடி, மாலை நாலு முதல் ஏழு. ஆப் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பட்டியல் சாயங்காலம் மூடுவதற்குள் எல்லாப் பெயரும் போய்ச் சேர்ந்துவிட்டது.

மெயிலுக்கு இன்னும் பதில் இல்லை. அடுத்த சாலையின் கணக்கெடுப்புக்கு ‘நேரம்’ என்ற கட்டத்தில் ‘மாலை நாலு மணி’ என்று எழுதி, முதல் நாள் போய் எண்ணியும் வந்துவிட்டேன்.