கம்பவுண்டர் வரைந்த பட்டைகள்

நிஜாம் காலத்தில் செகந்திராபாத்தில் ஒரு ரயில் பட்டறையில் லேத் வேலை பார்த்தேன். அங்கே காயத்துக்கு மருந்து போடும் கம்பவுண்டர் ஒல்லியான மனிதர். காதிடுக்கில் எப்போதும் ஊதாப் பென்சில். கட்டுப் போட்டு முடித்ததும் நோட்டில் கண், விரல், கால், தீக்காயம் என்ற தலைப்புகளில் ஒன்றின் கீழ் ஒரு கோடு போடுவார்.

ஒருநாள் என் கண்ணில் இரும்புத் தூள் விழுந்தது. அதை எடுத்ததும் அவர் பென்சிலை எடுத்தார்.

"வலி எனக்கு. கோடு எதுக்குங்க?" என்றேன்.

"தேய்க்காதே தம்பி, நக்கோ," என்று அந்த ஊர் உருதுவில் தடுத்தார். "உங்களுக்குக் கண்ணாடி கேட்டு மூணு மனு போட்டேன், பட்டறைத் துரை படிக்கலை. படம்னா பார்ப்பார்."

மாதக் கடைசியில் கோடுகளை எண்ணி, காலண்டர் தாளின் பின்பக்கம் பட்டைகளாக வரைந்தார். விரலும் காலும் குட்டையாக நிற்க, கண்ணின் பட்டை தாளின் உச்சியைத் தொட்டது. துரை அதை வெகுநேரம் பார்த்தாராம். சில வாரங்களில் எங்கள் எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வந்தது.

அதன்பின் அவரிடம் போகவேண்டிய அவசியமே எனக்கு ஏற்படவில்லை. அவர் மாற்றலாகிப் போனதைக்கூடத் தாமதமாகத்தான் அறிந்தேன். இந்த வயதிலும் ஊசியில் நானே நூல் கோக்கிறேன். அப்போதெல்லாம், அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டோமே என்று மனம் உறுத்துகிறது.