புரையேறியதை யாரும் எழுதவில்லை

கார்பாலிக் (கிருமிநாசினி) நெடி வந்தால் போதும், இத்தனை வருஷம் கழித்தும் என் மனம் அப்பா படுத்திருந்த ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடும். எங்கள் பிரிக்பீல்ட்ஸ் தெருவில் யாரோ சாக்கடை கழுவுவார்கள்; நான் ஆண்கள் வார்டின் வராந்தாவில் நிற்பேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தம் தடைபட்டு உடம்பின் ஒரு பாதி செயலிழப்பது). வலது கை போயிற்று. குழறலாகப் பேச்சு மிஞ்சியது. எதைக் குடித்தாலும் புரையேறிக் கண் பிதுங்கும்.

காலையில் வெள்ளைக்கார டாக்டர் சுற்று வருவார். உறவினர் வெளியே போய்விட வேண்டும்; நான் வராந்தா ஜன்னலில் நின்று பார்ப்பேன். டாக்டர் சொல்வதை, கூட வரும் டிரஸர் (டாக்டரின் உதவியாளர்) தலைமாட்டு அட்டையில் எழுதுவார்.

அப்பா பாதி ஆயுளை ரப்பர் தோட்டத்துப் பெரட்டில் (விடியற்காலை ஆள் கணக்கெடுப்பு) நின்று கழித்தவர். அங்கே முடியவில்லை என்று சொன்னால் அன்றைக்குப் பெயர் விழாது, கூலியும் கிடையாது. டாக்டரின் சப்பாத்து (காலணி) சத்தம் கேட்டதும் இடது கையால் தலையைக் கோதிக்கொள்வார்.

“எப்படி இருக்கு, பெரியவரே?” டிரஸர் கேட்பார்.

“நல்லா இருக்கேங்க தொரை!”

நலம், கஞ்சி. எழுதியாயிற்று. மறுநாள் அதன் கீழே ‘மேற்படி’. இளைஞர்களின் அட்டையில் முழு வரிகள் இருந்தன. கிழவர்களின் அட்டை நெடுக மேற்படி, மேற்படி.

டிரஸரை மறித்தேன். “அண்ணே, கஞ்சி இறங்கல. இருமி இருமி நீலமாப் போறாரு. அதை எழுதுங்களேன்.”

“அவரே நல்லா இருக்கேங்கிறாரு. நீ என்ன, தொரைக்கு மேல தொரையா?”

“அவரு தொரைகிட்ட முடியலன்னு சொன்னதே இல்லண்ணே.”

“சொல்லாததை எழுதினா ஏச்சு எனக்குத்தான்.”

கஞ்சி ஊட்டினார்கள். காய்ச்சல் வந்தது, நிமோனியா (நுரையீரல் அழற்சி). உணவு மூச்சுக்குழலில் இறங்கியிருக்கிறது என்றார் டாக்டர். அன்றுதான் அட்டையில் ஒரு முழு வரி ஏறியது: விழுங்க இயலவில்லை, வாய்வழி எதுவும் கூடாது.

உங்கள் வீட்டுப் பெரியவர் படுத்திருந்தால், வெளியே துரத்தினாலும் ஜன்னலில் நின்று சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்கு வருமுன் எப்படி நடந்தார், இன்று எது தொண்டையில் இறங்கவில்லை என்று உரக்கச் சொல்லுங்கள். எழுதும்வரை நகராதீர்கள்.

இப்போது என் ஒவ்வொரு மிடறும் எனக்குக் கேட்கிறது. ஒரு வாய்த் தண்ணீர் உள்ளே போய்ச் சேர ஒரு முழுப் பகல் ஆவதுபோல் இருக்கிறது.

அட்டையில் அந்த வரி ஏறிய அன்று மாலை, பார்வை நேரம் முடிந்து மணி அடித்தபோது அப்பா கண் திறந்தார்.

“தாகமா இருக்குடா. ஒரு வாய் தண்ணி.”

“குடுக்கக்கூடாதுப்பா. எழுதிட்டாங்க.”

“எழுதிட்டாங்களா? சரி, நீ போயிட்டு வா.”