மச்சான் வண்டி ஆயில்

என் கணவன் லெஸ்டருக்குச் சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை. அறுபத்திரண்டு வயதில் அவனுக்கு இருக்கும் ஒரே வியாதி என் தம்பி கிரேம்.

கிரேம் ஒரு நாய்க்குட்டி வாங்கினால் லெஸ்டர் எங்கள் நாயைப் பார்த்துப் பெருமூச்சு விடுவான். கிரேம் வீட்டு ஆட்டுத்தொடை வறுவல் நன்றாக இருந்தது என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டால், அன்றைக்கு எங்கள் வீட்டில் பேச்சே இருக்காது. கல்யாணமாகி அவன் இந்த மலைக்கு வந்ததிலிருந்து இப்படித்தான். காரணம் இல்லாமலும் இல்லை. மலை என் அப்பாவுடையது. அப்பா போனபின் பெரிய பங்கு கிரேமுக்குப் போனது, ஓடையை ஒட்டிய சின்னப் பங்கு எனக்கு வந்தது. முப்பது வருடம் வேலி போட்டு, முள் வெட்டி, குட்டி பிரசவம் பார்த்த நிலத்தில் ஒரு காணி கூட லெஸ்டர் பெயரில் கிடையாது.

அவனுக்கென்று இருந்தது உச்சித் தடம் மட்டும்தான்.

குளிர் இறங்குவதற்கு முன்னால் மலையில் மேயும் ஆடுகளைக் கீழே ஓட்டி வருவோம். மலையை மூன்று தடமாகப் பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு நாலு சக்கரக் குவாட் பைக்கில், நாய்களோடு வரிசையாக நகர்வோம். உச்சியில் போகிறவர்தான் எல்லாருக்கும் முன்னால் நகர வேண்டும். அவர் தாண்டும்வரை நடுத்தடமும் ஓடைத் தடமும் காத்திருக்கும். உச்சியில் ஒருவர் தடுமாறினால் ஆடுகள் அந்தச் சந்தில் புகுந்து மலைக்கு அந்தப் பக்கம் போய்விடும், ஒரு நாள் வேலை பாழ். அதனால் இருப்பதிலேயே நன்றாக வண்டி ஓட்டுகிறவருக்குத்தான் உச்சித் தடம். யாருக்கு எந்தத் தடம் என்று ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகை வாசலில் நின்று அப்பா சொல்வார். சொந்த மகன் பக்கத்தில் நிற்கும்போதே, "உச்சிக்கு லெஸ்டர்" என்பார். அப்பாவுக்குப் பிறகு கிரேமும் அதையே சொல்லி வந்தான். அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு லெஸ்டர் வருடம் பூராவும் ஓட்டுவான்.

இந்த வருடம் கோடையில் கிரேம் புது குவாட் பைக் வாங்கினான். கியர் மாற்றவே வேண்டாம், பெல்ட்டில் ஓடுகிற ஆட்டோமேட்டிக். லெஸ்டர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"டயர் கொஞ்சம் மெலிசா இருக்கே," என்றான்.

"உன் வண்டி டயரவிடப் பருமன் மச்சான்," என்றான் கிரேம்.

"பார்க்க மெலிசா இருக்கு."

வீட்டுக்கு வந்து தன் பழைய கியர் வண்டியைக் கழுவினான். அந்த வண்டியை அவன் அதற்கு முன் கழுவி நான் பார்த்ததில்லை.

ஆடு இறக்கும் நாள் நெருங்கியதும் எல்லாரும் வண்டிக்கு ஆயில் மாற்றுவார்கள். கிரேம் கொட்டகையில் உட்கார்ந்து ஒரு நீல டப்பாவிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தான். தேன் நிறம், தண்ணீர் மாதிரி இறங்கியது. லெஸ்டர் கதவோரம் நின்று பார்த்ததை நானும் பார்த்தேன். சாதம் போடும்போது பக்கத்து இலையைப் பார்க்கிறவன் முகம் அது. மறுநாள் டவுனுக்குப் போய்விட்டு வந்தவன், கோட்டுக்குள் எதையோ மறைத்துக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்தான். நானும் பின்னாலேயே போனேன். அதே நீல டப்பா.

அப்பா இருந்தவரை அவர் வண்டிக்கு ஆயில் மாற்றினது நான்தான். எனக்குத் தெரியாத விஷயமா?

"அத ஊத்தாத லெஸ்டர்," என்றேன். "கிரேம் வண்டி வேற. அதுல என்ஜினுக்குத் தனி ஆயில், கியர் பெட்டிக்குத் தனி ஆயில். உன் வண்டியில என்ஜின், கியர், கிளட்ச் மூணும் ஒரே ஆயில்லதான் குளிக்குது. இது காருக்குப் போடுற மாதிரி வழுவழு ஆயில். பெட்ரோல் மிச்சமாகும்னு கம்பெனிக்காரன் என்னத்தையோ கலந்திருப்பான். இத ஊத்தினா கிளட்ச் தட்டு ஒண்ணையொண்ணு பிடிக்குமா? வழுக்கிட்டுத்தான் நிக்கும். ஈரக் கிளட்சுக்குன்னு டப்பாவுல போட்டிருக்கும், அத வாங்கு."

இத்தனை சொன்னதில் 'கிரேம் வண்டி வேற' என்பது மட்டும்தான் அவன் காதில் விழுந்தது.

"ஆமா, உன் தம்பி வண்டி வேறதான். நாங்க ஓட்டுறதெல்லாம் வண்டியா? அவன் வண்டிக்கு நல்ல ஆயில், என் வண்டிக்கு மட்டும் மட்டமானதா?"

"நான் அப்படியா சொன்னேன்?"

"வேற எப்படி சொன்ன?"

ஊற்றினான். இரண்டு நாள் ஓடையோரச் சமவெளியில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "பட்டு மாதிரி ஓடுது பாரு" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். சமவெளியில் எதை ஊற்றினாலும் ஓடும். தலையில் அடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

ஆடு இறக்கும் அன்று காலை கொட்டகை வாசலில் நான்கு பேர் நின்றோம். நான்காவது ஆள் பக்கத்துப் பண்ணை ஹினே. வருடா வருடம் தன் நாய்களோடு உதவிக்கு வருவாள், வாய் சும்மா இருக்காது. அவளும் கிரேமும் நடுத்தடத்துக்கு, நான் ஓடைத் தடத்துக்கு என்பது வழக்கம். ஆனால் கிரேம் தொண்டையைச் செருமினான்.

"மச்சான், இந்த வருஷம் உச்சிக்கு நான் போகட்டுமா? புது வண்டி எப்படி ஏறுதுன்னு பாக்கணும்."

லெஸ்டர் முகம் செத்துப்போனது. ஹினே விடுவாளா?

"விட்டுக்குடு லெஸ்டர். உன் வண்டிக்குப் பென்ஷன் வாங்குற வயசு. நீயும் அதுவும் கீழ நின்னு வாசல் கதவத் திறந்து விடுங்க."

"உச்சி என்னோடது," என்றான் லெஸ்டர். "ஏற முடியலன்னா அப்புறம் அடுத்த வருஷத்துலேர்ந்து நீயே போ. நான் கேக்க மாட்டேன்."

"சரி மச்சான்," என்றான் கிரேம்.

அந்த டப்பாவைப் பற்றி நான் அங்கேயே சொல்லியிருக்கலாம். ஹினே முன்னால் சொன்னால் அவன் அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான், அத்தோடு உச்சியும் போயிருக்கும். போய்த்தான் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஓடையிலிருந்து பார்த்தால் மலையின் முகம் முழுக்கத் தெரியும். பாதி ஏற்றம் வரைக்கும் லெஸ்டர் நன்றாகத்தான் போனான். செங்குத்தான இடம் வந்தது. அங்கே அவன் முதல் கியரில் எழுந்து நின்று, உடம்பை முன்னால் சாய்த்து ஏற்றுகிற அழகை வருடா வருடம் நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு என்ஜின் கத்தியது, கத்திக்கொண்டே இருந்தது, சக்கரம் நகரவில்லை. கிளட்ச் வழுக்கிவிட்டது. வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. அந்த மாதிரி உருண்ட வண்டிக்கு அடியில் போனவர்களை எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். லெஸ்டர் ஹேண்டில்பாரை ஒடித்துத் திருப்பி, வண்டியை ஒரு மானுக்காப் புதருக்குள் சொருகிவிட்டுக் குதித்தான்.

ஆடுகள் அந்த இடைவெளியைக் கண்டுபிடித்துவிட்டன. முன்னால் போன கிழட்டு ஆடு உச்சியைப் பார்த்துத் திரும்பியது, மற்றதெல்லாம் அதன் பின்னால். அப்போது நடுத்தடத்திலிருந்து கிரேமின் புது வண்டி மேலே போனது. லெஸ்டரை ஒட்டியே போனது. அவன் ஏற முடியாத இடத்தில் கிரேம் உட்கார்ந்தபடியே ஏறி, ஆடுகளுக்குக் குறுக்கே போய் மடக்கித் திருப்பினான். ஹினேயின் நாய்கள் குரைத்துக் கீழே தள்ளிக்கொண்டு வந்தன. மந்தை கைவிட்டுப் போகவில்லை.

முடிந்தவரை வண்டியில் போய், மீதியை நடந்து மூச்சு வாங்க நான் மேலே போய்ச் சேர்ந்தபோது, கிரேம் இறங்கி வந்து லெஸ்டர் முன்னால் நின்றிருந்தான். லெஸ்டர் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தான்.

"அடி கிடி பட்டுதா?"

"இல்ல."

"என்ன ஆயில் மச்சான் ஊத்தின?"

பழைய ஆயில் என்று அவன் சொல்லியிருக்கலாம், கிளட்ச் தேய்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். லெஸ்டர் பொய் சொல்வதில் கெட்டிக்காரன்தான்.

"நீ ஊத்தினதத்தான்," என்றான்.

"என் வண்டிக்கு ஊத்தினத ஏன் உன் வண்டிக்கு ஊத்தின?"

"வயித்தெரிச்சல்தான். வேற என்ன." தலையை நிமிர்த்தாமலே சொன்னான். "உனக்கு மலை இருக்கு, வண்டி இருக்கு. இந்த உச்சி ஒண்ணுதான் எனக்கு இருந்துச்சு. இனிமே அதுவும் உன்னோடதுதான். எடுத்துக்க."

கிரேம் சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்தான்.

"இந்த வண்டி நான் எதுக்கு வாங்கினேன் தெரியுமா? கியர் வண்டியில இந்த ஏத்தத்த என்னால ஏற முடியல. யாருக்கும் தெரியாம வந்து எத்தன தடவ ஏறிப் பார்த்திருக்கேன். பாதியில நின்னுடும். அப்பா என்னப் பக்கத்துல வெச்சிக்கிட்டே உச்சிக்கு லெஸ்டர்னு சொல்வாரு. அப்படியே உன்னக் கழுத்தப் பிடிச்சு ஓடையில தள்ளணும் போல இருக்கும்."

"நெசமாவா?" என்றான் லெஸ்டர்.

"நெசமாத்தான். இந்த மலையில உன்ன மாதிரி ஓட்டுற ஆள் கிடையாது. அப்பாவுக்குத் தெரிஞ்சிருந்துச்சு, எனக்கும் தெரியும். உச்சி உன்னோடதுதான். போய் ஒழுங்கான ஆயில ஊத்து."

"என்ன சொன்ன? அந்த முதல்ல சொன்னத இன்னொரு தடவ சொல்லு."

கிரேம் சொன்னான். வெட்கமே இல்லாமல் முழுசாகக் கேட்டுக்கொண்டான் என் கணவன்.

மத்தியானம் ஆடுகளைப் பட்டியில் அடைத்தபின் இரண்டு பேரும் கொட்டகையில் ஒன்றாகக் குந்தி உட்கார்ந்து அந்த ஆயிலை வடித்தார்கள். ஊறிப்போன கிளட்ச் தட்டுகளைக் கழற்றி, கிரேம் டவுனிலிருந்து வாங்கி வந்த புதுத் தட்டுகளைப் போட்டார்கள். ஈரக் கிளட்சுக்கு உள்ளதை ஊற்றி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதையும் வடித்து மறுபடி புதுசு ஊற்றினார்கள். கிரேம் ஸ்பேனரை எடுத்துக் கொடுக்க லெஸ்டர் முடுக்கினான். நான் டீயும் ஸ்கோன் ரொட்டியும் கொண்டுபோய் வைத்ததைக்கூட இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டில் லெஸ்டருக்கு வாய் மூடவில்லை. "கிரேம் மாதிரி ஒரு ஆளப் பாக்க முடியாது நோலீன். மனசுல உள்ளத அப்படியே சொல்றான். இந்த மலையிலேயே என்ன மாதிரி ஓட்டுறவன் கிடையாதாம். அவனே சொல்றான்."

வருடா வருடம் ஆடு இறக்கிவிட்டு நனைந்து வருகிறவனின் பூட்சைக் கழற்றிக்கொண்டே இதே வார்த்தையை நான் சொல்லியிருக்கிறேன். ஓடையில் நின்று அவன் ஏறுவதைப் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறேன். "நீ பொண்டாட்டி, அப்படித்தான் சொல்லுவ" என்று துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விடுவான்.

உருளைக்கிழங்குத் தட்டைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன்.

"என்ன ஆச்சு உனக்கு?" என்றான்.

"ஒண்ணுமில்ல. சாப்பிடு."

முப்பது வருடமாக நான் சொல்லி ஏறாதது, என் தம்பி ஒரு தடவை சொன்னதும் ஏறிவிட்டது. கிரேமை நினைக்க நினைக்க எனக்கு வயிறு எரிந்தது.